பின்கட்டில் வெந்த முட்டை

திருப்பதிக்குப் போகும் வழியில் பாகாலாவில் ரயில் நின்றிருந்தது. எதிரே ஒரு பெண் அவித்த முட்டையை உரித்தாள். அந்த வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

திருப்பதியில் அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருந்தார். வெங்காயம்கூட நுழையாத வீடு. எனக்குக் காசம் வந்து, தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அப்பாவுக்குத் தெரியாமல் பின்கட்டில் தனி ஸ்டவ்வில் வேகவைத்தாள் அம்மா. மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உரித்தாள்.

“பாவமில்லையாம்மா?”

“இருந்தா எனக்கு வரட்டும். நீ சாப்பிடு.”

ஒருநாள் அப்பா பின்கட்டுக்கே வந்துவிட்டார். அம்மா பதறி எழுந்தாள். அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே ஆறு முட்டைகள்.

“குப்பையில முட்டை ஓட்டைப் பார்த்தேன். இனிமே மண்ணுல புதைச்சுடு. நானே வாங்கிண்டு வரேன்,” என்றார்.

இன்றும் திருப்பதி மலைப்படிகளை நடந்தே ஏறுகிறேன். மூச்சு வாங்குவதில்லை. அது அவர்கள் இருவரும் கொடுத்தது.