அருவிக்குப் போகாத வண்டி

இற்றுப்போன பலகையை இற்றுப்போனது என்று சொன்னதற்காக நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனியும் கேட்பதாக உத்தேசம் இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் தொண்ணூறு என்று அம்மா சொல்வாள். அந்த வாய் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் செய்தது சரி என்று நடுநடுவே சொல்லிக்கொண்டும் இருப்பேன். பொறுக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அப்பா தென்காசி ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினார். ஐம்பதுகளின் கடைசி அது. பஸ் வந்திருந்தாலும் வண்டிக்கு இன்னும் மதிப்புப் போகவில்லை. ஆனி, ஆடியில் சாரல் விழத் தொடங்கினால், ரயிலைவிட்டு இறங்குகிற கூட்டத்தைக் குற்றாலத்தில் கொண்டு விடுவதும், குளித்து முடித்தவர்களைத் திரும்ப ரயிலடியில் சேர்ப்பதும்தான் எங்கள் பிழைப்பு. மற்ற மாதங்களில் பிழைப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது.

குதிரை எங்களுடையது. வண்டி மேலகரத்து அண்ணாச்சியுடையது. அவர் நான்கைந்து வண்டிகளை வாடகைக்கு விட்டிருந்தார். நாள் முழுக்க ஓட்டிக் கிடைப்பதில் பாதி சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்விடும். அது போகட்டும். அவர் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டால், அப்பா ஏற்றிய ஆளை நடுவழியில் இறக்கிவிட்டு ஓட வேண்டும். சீசன் நேரத்தில் ரயிலடியில் எந்த வண்டி முன்னால் நிற்பது, எது பின்னால் நிற்பது என்பதிலும் அவர் வைத்ததுதான் சட்டம். எதிர்த்துக் கேட்டவனுக்கு மறுநாள் வண்டி கிடையாது. சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். அதுதான் எங்கள் வீட்டில் சாமி கும்பிடும்போது கேட்கிற ஒரே வரம்.

அந்த வருஷம் வைகாசியில் அண்ணாச்சி தானாகவே சொல்லி அனுப்பினார். ஒரு வண்டியை விற்கப் போகிறாராம், அப்பா எடுத்துக்கொள்ளலாமாம். விலையோ அடிமாட்டு விலை. அம்மா மறுபேச்சு இல்லாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் மேலகரத்துக்கு நடந்தோம்.

என்னை எதற்காகக் கூட்டிப் போனார்கள் என்று கேட்கலாம். கூட்டிப் போகவில்லை, நானே போனேன். வண்டியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது.

குற்றாலத்து வண்டிக்குச் சாவு அடியிலிருந்துதான் வரும். அருவியில் குளித்தவர்கள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து ஏறுவார்கள். தலையில் தேய்த்த எண்ணெய் பாதி அருவியோடு போயிருக்கும், மீதி வண்டிக்கு வரும். அந்தத் தண்ணீர் மெத்தையில் இறங்கி, மெத்தைக்கு அடியில் பரப்பிய புல்லில் இறங்கி, பலகையில் போய்த் தங்கும். பலகை உட்கார்ந்திருக்கிற இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். ஆணி அடித்த இடத்தைச் சுற்றிப் பலகை மக்கும். அதனால் தினமும் மெத்தையை இழுத்துப் போட்டு, புல்லை உதறி, பலகையைத் துணியால் துடைத்து, வெயில் இருந்தால் வெயில், இல்லாவிட்டால் காற்று காட்ட வேண்டும். அது என் வேலை. நல்ல பலகையைத் தட்டினால் டொக்கென்று கேட்கும். கெட்டதைத் தட்டினால் பொத்தென்று கேட்கும். பழைய வண்டி விலைக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வியே, அருவிக்குப் போன வண்டியா, போகாத வண்டியா என்பதுதான்.

அண்ணாச்சியின் கொட்டகையில் அந்த வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. நீலச் சாயம், அதன்மேல் சிவப்புக் கோடு, உள்ளே புது வெல்வெட் மெத்தை. அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சினன், நாங்கள் வண்டி வாங்குவதை வேடிக்கை பார்க்க ரயிலடியிலிருந்து வந்த நாலைந்து வண்டிக்காரர்கள், ஓரமாக ஒரு சக்கரத்தைச் செப்பனிட்டுக்கொண்டு ஆசாரி.

"இது அருவிக்கே போகாத வண்டிலே. எங்க வீட்டுப் பொம்பளைங்க கோயிலுக்குப் போக வர வச்சிருந்தது. ஒனக்குங்கதால தாரேன்" என்றார் அண்ணாச்சி.

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு அது நிற்கிறவரை பார்த்தார். குனிந்து அச்சைப் பார்த்தார். நிமிர்ந்து, "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். மெத்தையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வாயில்லாப் பூச்சி என்று ஊரே சொல்லும். அன்றைக்குத்தான் நானும் அப்படி நினைத்தேன். கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுகிறாரே என்று அம்மாவின் கையைக் கிள்ளினேன். அம்மா, "சும்மா இருட்டி" என்றாள். சும்மா இருந்து எனக்குப் பழக்கம் இல்லை. படியில் கால் வைத்து வண்டிக்குள் ஏறிவிட்டேன்.

உள்ளே போனதும் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புதுச் சாய வாசனைக்கு அடியில் நல்லெண்ணெயும் சீயக்காயும் மணத்தன. வண்டியின் பக்கவாட்டு மரத்தில், உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், சாயத்தையும் மீறி வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை. இத்தனை எண்ணெய்த் தலையோடு எந்தப் பெண்பிள்ளை கோயிலுக்குப் போவாள்?

மெத்தையின் நுனியைப் பிடித்தேன்.

"ஏட்டி, எறங்கு. மெத்தை அழுக்காயிரும்" என்றார் அண்ணாச்சி.

"மெத்தையத் தூக்கிப் பாக்காம யாராவது வண்டி வாங்குவாவளா, பெரியப்பா?"

வண்டிக்காரர்களில் ஒருவர் இருமினார். அப்பா ஓடிவந்து, "எறங்குட்டி, நீ எறங்கு மொதல்ல" என்றார். அதட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. அண்ணாச்சிக்குப் பயந்துதான் கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் வீம்பு இரண்டு மடங்காகிவிட்டது. மெத்தையை இழுத்து வெளியே எறிந்தேன். புல்லைக் காலால் தள்ளினேன். அடியில் பலகையும் நீலமாகப் பளபளத்தது. புல்லுக்கு அடியில் கிடக்கிற பலகைக்கு எவனாவது சாயம் அடிப்பானா? மறைக்க ஏதாவது இருந்தால் ஒழிய.

தட்டிப் பார்க்கவெல்லாம் பொறுமை இல்லை. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தேன். முதல் குதிப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது குதிப்பில் வலது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. பலகை ஊறவைத்த ரஸ்க்கு மாதிரி உதிர்ந்தது. கூடவே சட்டத்திலிருந்து துரு செதில் செதிலாக விழுந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம். நான் அழவில்லை. தொங்கிக்கொண்டே கத்தினேன்:

"அருவிக்குப் போகாத வண்டியாம்! அருவியே இதுக்குள்ளதான் இருக்கு!"

வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். அண்ணாச்சியின் கொட்டகையில் அண்ணாச்சியைப் பார்த்து யாரும் அதற்கு முன்பு சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "எவம்லே சிரிச்சது? எங்க வண்டிய ஒருத்தன் குத்தம் சொல்லிட்டுப் போவக் கூடாது. ஆசாரி, இங்கன வாரும். அம்புட்டுப் பலகையையும் பேத்துப் போடும். இரும்பு எப்படி இருக்குன்னு பாத்து எல்லாத்துக்கும் கேக்குத மாதிரி சொல்லும்."

"அண்ணாச்சி, சின்னப் பிள்ள தெரியாமச் செஞ்சுட்டா. பலகை கெடந்துட்டுப் போட்டும். நான் வண்டிய அப்படியே எடுத்துக்கிடுதேன்" என்றார் அப்பா. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் சொன்னார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "அப்படியே எப்படி எடுப்பிய? பிள்ள கால் உள்ள போயிட்டு, இன்னும் எடுக்கேன்னு சொல்லுதிய! எஞ் சங்கிலி என்ன தெருவுலயா கெடந்தது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, என்னைத் தூக்கி வெளியே எடுத்தாள். புடவை ஓரத்தைக் கிழித்துக் காலில் கட்டினாள். நானும் அம்மாவும் ஒரு கட்சி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆசாரி பலகைகளைப் பெயர்த்துப் போட்டார். உளியால் சட்டத்தைச் சுரண்டினார். மேல் துரு பொருக்கு மாதிரி வந்துவிட, உள்ளே இரும்பு மின்னியது. சுத்தியால் தட்டினார், கோயில் மணி மாதிரி கேட்டது. பிறகு வண்டிக்கு அடியில் நுழைந்து கொஞ்ச நேரம் கிடந்தார்.

"அண்ணாச்சி, துரு தோலோட சரி. சட்டம் கல்லு மாதிரி இருக்கு. அச்சும் வில்லுப்பட்டையும் பழைய சீமைச் சரக்குல்லா! இப்ப இப்படி இரும்பு எங்க கெடைக்கி? பலகைய மட்டும் மாத்துனா இன்னும் இருவது வருசம் ஓடும்" என்று உள்ளேயிருந்தே சத்தம் கொடுத்தார்.

அண்ணாச்சி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"வண்டி விக்கதுக்கு இல்ல. நீ காலைல வந்து வழக்கம்போலப் பழசையே பூட்டுலே" என்றார் அண்ணாச்சி.

எங்களிடம் தோற்ற அவமானத்தில்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா நடுரோட்டிலேயே சங்கிலியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். சண்டையில் ஜெயித்து வந்தவளாட்டம் அவள் இடுப்பில் நான் ஊர் வந்து சேர்ந்தேன். அப்பா பத்தடி பின்னால் வந்தார். வீட்டில் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவரும் அவர்தான். "ரொம்ப வலிக்கா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் கட்டை அவிழ்த்துக் காட்டாத ஆள் இல்லை.

எட்டு வருஷம் கழித்து, எனக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளையை நான் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல, எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. அந்தச் சண்டையில்தான் அவள் வாய் தவறிக் கொட்டினாள். "அன்னைக்கும் இந்த வாயாலதானட்டி அந்த மனுசனுக்கு வந்த வண்டியக் கெடுத்த!"

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பலகை இற்றது பார்த்தவுடனேயே தெரிந்திருக்கிறது. துரு சட்டத்தையும் அச்சையும் தின்றுவிட்டது என்று பயந்துதான் அண்ணாச்சி, சாயத்தைப் பூசி, இருக்கிறவர்களில் வாயில்லாத ஆளாகப் பார்த்துத் தள்ளிவிட நினைத்திருக்கிறார். சக்கரத்தைச் சுழற்றி, அச்சைக் குனிந்து பார்த்ததிலேயே, இரும்பு பொன் மாதிரி இருக்கிறது என்பது அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மெத்தையைத் தூக்கினால் பலகை வெளியே வரும், பலகை வெளியே வந்தால் அண்ணாச்சி ரோஷப்பட்டு எல்லாவற்றையும் பெயர்க்கச் சொல்வார், பெயர்த்தால் இரும்பு தெரிந்துவிடும். அதனால் ஏமாளியாக நின்றிருக்கிறார். இன்னும் கால் மணி நேரம் நான் வாயை மூடியிருந்தால் வண்டி எங்களுடையது. இதை வண்டி பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரியே அம்மாவிடம் சொல்லி, பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று சத்தியமும் வாங்கியிருக்கிறார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளையின் அப்பா.

சண்டையைப் பாதியில் விட்டு அவரிடம் போனேன். குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னிய ஏன் ஒரு வார்த்தை வையல?"

"நீ சொன்னது பொய்யா? பலகை இத்துத்தான கெடந்தது. நெசத்தச் சொன்ன பிள்ளைய என்னன்னு வைய?"

"எங் காதுல முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா, ஒன் மூஞ்சி அதை மறைக்குமா?" என்று சிரித்தார்.

மறைக்காதுதான். ஒரு மனிதன் முட்டாளாக நின்றால்தான் அவனுக்கு ஒரு வண்டி கிடைக்கும் என்றால், தப்பு என் வாயில் இல்லை. அதை இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் அப்படிக் கிடைக்கிற வண்டி எங்களுக்கு வேண்டாம் என்று எழுதப் பார்க்கிறேன், எழுத வரவில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை சொந்த வண்டி அமையவில்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்தச் சீசனில் லீவு நாளெல்லாம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் குற்றாலம் போனேன். புதுப் பலகை போட்ட அந்த நீல வண்டியை அண்ணாச்சியின் மச்சினன் ஓட்டினான். அநேகமாக மேலகரம் தாண்டியதும் எங்களை முந்திக்கொண்டு போவான். நான் எழுந்து நின்று, அதில் போகிறவர்களைப் பார்த்து, "பலகையப் பாத்து உக்காருங்க, கால் உள்ள போயிரும்!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அப்பா ஒவ்வொரு தடவையும் லகானை இழுத்து, எங்கள் வண்டியை ரோட்டோரம் ஒதுக்கி, அந்த வண்டி சாரலுக்குள் மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் நன்றாகக் கத்த வேண்டும் என்பதற்காகத்தான் அப்பா வண்டியை நிறுத்துகிறார் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்துவேன்.