அம்மாவுக்குப் பாதி, எனக்கு முழுசு

அம்மா குழைத்துத் தரும் சோறு கைக்கும். பகல் முழுக்கப் புகையிலைத் தோட்டத்தில் நின்ற கையில் ஏறிய பிசின் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது; தங்கச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவாள்.

தெற்கில் ஒரு கடையில் சிப்பந்தியாக இருந்த, எங்களைப் பெற்ற ஐயா எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தீவான வேலணைக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் இளைஞர்களில் பலர் வெளிநாட்டுக்கும் ஆயுத இயக்கங்களுக்கும் போய்விட, தோட்டம் கொத்த ஆளில்லாமல் போயிற்று. அதுவரை கன்று நடவும் புல்லுப் பிடுங்கவும் மட்டும் போய்வந்த பெண்களின் கைக்கு மண்வெட்டி வந்தது அப்படித்தான். வேலை மாறியது, கூலி மாறவில்லை. "ஆம்பிளைக் கூலி" என்று ஒன்று இருந்தது. "பொம்பிளைக் கூலி" அதில் பாதி.

எனக்குப் பதினைந்து வயதான மார்கழி விடுமுறையில் நானும் அம்மாவுடன் முருகேசர் என்ற கமக்காரரின் தோட்டத்துக்குக் கொத்தப் போனேன். பத்து மணிக்கே என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அம்மா தன் வரிசையை முடித்துவிட்டு, என் வரிசையின் மறுமுனையிலிருந்து கொத்திக்கொண்டு வந்தார். பின்னேரம் முருகேசர் என் கையில் முழுக் கூலியையும் அம்மாவின் கையில் பாதியையும் வைத்தார்.

அம்மா அந்தக் காசை மடியில் செருகவில்லை.

"அண்ணை, அவன்ர வரிசையில அரைவாசி நான் கொத்தினது. நீங்களும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?"

"ஓம், பாத்தனான். அதுக்கு?"

"பிறகேன் எனக்குப் பாதி?"

முருகேசர் கோபப்படவில்லை, சிரித்தார். "ரெண்டு கூலியும் உம்மட வீட்டுக்குத்தானே பிள்ளை போகுது? ஊர் வழமையை என்னால மாத்த ஏலாது."

அம்மா என்னைப் பார்த்தார். அம்மாவுக்கும் முழுக் கூலி கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாக ஆம்பிளைக் கூலி வாங்கிய பெருமையில், காசைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

"அப்ப நாளைக்கு நான் வரேல்லை" என்றார் அம்மா.

மறுநாள் அவர் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். "அவ கூலிக்கு வழக்காடுறவ" என்ற கதை மற்றக் கமக்காரரிடமும் போய்விட, மூன்று கிழமை அம்மாவை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த மூன்று கிழமையும் என் கூலியில்தான் அடுப்பெரிந்தது. நானும் வீட்டில் கொஞ்சம் அதட்டிப் பேசப் பழகிக்கொண்டேன். நான்காம் கிழமை அம்மா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முருகேசரிடமே போனார், அதே பாதிக்கு.

தொண்ணூறில் சண்டை வந்து எல்லோரும் தீவை விட்டு இடம்பெயர்ந்தோம். இன்று அந்தத் தோட்டத்தில் நாயுண்ணிப் பற்றைதான் நிற்கிறது. முருகேசரும் இல்லை, புகையிலையும் இல்லை.

எனக்கு அரசாங்க வேலை, ஓய்வூதியம் வரும். நாற்பது வருடம் உழைத்த அம்மாவுக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு சதமும் மிஞ்சவில்லை. இப்போது என்னோடு இருக்கிறார். போன மாதம் பல் கட்ட வேண்டும் என்பதைச் சொல்ல அவருக்கு மூன்று நாள் எடுத்தது. அதையும் என்னிடம் சொல்லவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, என் மனைவியிடம் மெல்லக் கேட்டிருக்கிறார்: "தம்பியிட்டக் காசு இருக்குமோ பிள்ளை?"