பின்னால் வந்த ‘ங்க’

மாரமங்கலத்திலிருந்து போன் வந்தபோது நான் ரிசப்ஷனில் தனியாக இருந்தேன். மழைக்காலம், வார நாள். லாட்ஜில் ஓர் அறையில்கூட ஆள் இல்லை. “அம்மா தவறிட்டாங்க” என்றார் சின்னப்பொண்ணுவின் மகன். “எப்போ தவறுச்சு?” என்று கேட்டேன். “காலைல ஆறு மணிக்குத் தவறிட்டாங்க” என்றார். கடைசிச் சொல்லைச் சற்று அழுத்தித்தான் சொன்னார்.

மலைமேல் ஏரிப்பக்கம் உள்ள எங்கள் லாட்ஜில் வேலை பார்த்த உங்களுக்கும், வருடா வருடம் வந்து தங்கிய உங்களுக்கும் அவரைத் தெரியும். பெயர்தான் சின்னப்பொண்ணு, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடம் எங்கள் அறைகளையும் துணிமணிகளையும் பார்த்துக்கொண்டார். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை ‘அது’ என்றுதான் சொன்னேன். ‘அது வந்துச்சா? அது துண்டு வச்சுச்சா?’ பெற்ற பிள்ளை பாசத்தில் அப்படிச் சொல்லலாம். எனக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது? எங்கள் சேலத்துக்காரர்கள் நாய்க்குட்டியைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அவ்வளவு தாராளமான ‘ங்க’, மலை ஊர்க்காரர் யாராவது படியேறி வந்தால் மட்டும் என் வாயில் வராது. அப்படி ஒன்று நடக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

தெரியவைத்தது ஒரு சாவிப் பலகை. ஒரு நாள் மதியம் வெள்ளக்கடைப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் துணிப்பை. ஏரி தெரிகிற மாதிரி ஓர் அறை வேண்டுமென்றார். “ரூம் இல்லப்பா” என்றேன். இருவரும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். மாடிப்படியில் நின்றிருந்த சின்னப்பொண்ணு கேட்டார்: “ஏனுங்க, அந்தப் பலகைல தொங்கற சாவியெல்லாம் எந்த ஊட்டுதுங்க?”

திரும்பிப் பார்த்தேன். ஏழு சாவிகள் தொங்கின. அவர் அந்தத் தம்பதியின் பின்னால் ஓடினார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். அவர்கள் உள்ளே வருமுன்பே வாசலில் பேசியிருக்கிறார் போலும். “பொறந்ததுல இருந்து இந்த ஏரியப் பாக்கறாங்களாமா. ஜன்னல் வழியா ஒருக்கா பாக்கோணும்னு அந்தம்மாவுக்கு நொம்ப ஆசையாமுங்க” என்றார்.

நான் வேண்டுமென்றே சொல்லவில்லை, சத்தியமாக யோசிக்கவே இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “தெரியுமுங்க. உங்க வாய் முன்னாடி வந்துருது. நீங்க அப்பறமாத்தான் வர்றீங்க” என்றார். என்னைப் பற்றி வேறு யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. என் மனைவிகூடச் சொன்னதில்லை, பாவம், அவள் போயும் ஒன்பது வருடமாகிறது.

சின்னப்பொண்ணு ஒன்றும் மகான் இல்லை. காலேஜ் பையன்களைக் கண்டாலே ஆகாது அவருக்கு. “இவிங்க போனா துண்டும் போயிரும்” என்பார். ஒரு முறை நான்கு பையன்கள் அறையைக் காலி செய்தபோது, ஒரு போர்வை குறைகிறதென்று கார் வரைக்கும் போய்ப் பைகளைத் திறக்கச் சொல்லிவிட்டார். பைகளில் ஒன்றுமில்லை. போர்வை, அவரே காலையில் கட்டி வைத்த சலவை மூட்டையில் இருந்தது. பையன்கள் அதற்குள் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர் அங்கேயே போய், கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், “தப்பு எம்பேர்லதானுங்க சாமி, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். அன்றிலிருந்து யார் காலி செய்தாலும் முதலில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார். அப்புறம்தான் பேச்சு. “மனசு சொல்றதச் சொல்லீட்டுப் போவுதுங்க. மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டு வாயத் தொறக்கோணும்” என்பார்.

அவரால் டீக்கடையில் சொல்ல முடிந்ததை என்னால் அறைக்குள்கூடச் சொல்ல முடியவில்லை. வெள்ளக்கடைத் தம்பதியை நான் தேடவில்லை. மலை ஊர் ஆட்களிடம் ‘ங்க’ போடப் பழகினேன், பழகியும் விட்டேன். அவரிடம் மட்டும் வரவில்லை. திடீரென்று மாற்றினால் சிரிப்பாரோ என்று கூச்சம். நாளைக்குச் சொல்லலாம் என்றே வருடங்கள் போயின.

உடம்பு முடியாமல் வேலையிலிருந்து நின்றபின், இரண்டு மாதம் முன்பு மகனோடு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். இன்று சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். “வா, சின்னப்பொண்ணு” என்றது வாய். அவர் என் முகத்தையே பார்த்தார். மீதி எழுத்துக்காகக் காத்திருந்தது போல எனக்குத் தோன்றியது. பிறகு சிரித்து, “வந்தனுங்க, நல்லா இருக்கறீங்களா?” என்றார். ரிசப்ஷன் நாற்காலியில் அன்றும் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

பஸ்ஸில் மாரமங்கலம் போனேன். அவர் ஊட்டில், ஆம், அப்படித்தான் எழுத வருகிறது, அத்தனை பேரும் என்னை “வாங்க, வாங்க” என்றார்கள். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார்கள். அவருடைய அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. சின்னப்பொண்ணுவின் தலைமாட்டில் நின்று, “போயிட்டு வாங்க” என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. கேட்க ஆளில்லாதபோது சொல்வது மரியாதையும் இல்லை.

இப்போது லாட்ஜில் என் பிழையைப் பிடிக்க யாருமில்லை. சாயங்காலம் பனி இறங்கி ஏரி மறைந்துவிட்டால், சாவிப் பலகையும் நானும்தான். அவர் இடத்துக்கு ஓர் அம்மா புதிதாக வந்திருக்கிறார். முதல் நாள் படியேறி வந்தவரைப் பார்த்து, “வா” என்றேன். நின்றேன். மூட்டையைப் பிரித்தேன். “ங்க” என்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஏதோ விக்கல் என்று நினைத்திருப்பார்.

சின்னப்பொண்ணுவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த இடைவெளிதான். அதில் தினமும் ஒரு நொடி அவர் மாடிப்படியில் வந்து நிற்கிறார். அதற்குப் பிறகுதான் நான் வருகிறேன்.