பல் உள்ளவரின் வெற்றிலை உரல்

ஒரு பல்லும் விழாத மனிதர் வெற்றிலை உரலை மடியில் கட்டிக்கொண்டு வந்தால் எவருக்கும் சந்தேகம் வர வேண்டும். எங்கள் பெரிய டாக்டருக்கு வரவில்லை. நான் பரீட்சை தேறி, அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் அவருக்குக் கீழே சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வந்தவர் குளத்தூர்ப் பக்கத்து விவசாயி, எழுபதை நெருங்கியவர். "நாலு தடவ மெல்லுறதுக்குள்ள தாடை அசந்துபோகுதுங்க. செத்த நிறுத்துனா சரியாயிடுது" என்றார். பெரிய டாக்டர் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிப் போட்டார். தட்டில் கிடந்தவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொத்தையே இல்லை. அன்றைக்கே பெரிய டாக்டரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மறுவாரம் அந்த விவசாயிப் பெரியவர் தலைவலியோடு வந்தார். தலைப்பாகை பட்டாலே வலிக்கிறதாம். நெற்றிப்பொட்டைத் தொட்டேன், துள்ளினார். ரத்தக்குழாய் நனைந்த கயிறு போலப் புடைத்திருந்தது. துடிப்பே இல்லை. சீமை வைத்தியப் பத்திரிகையில் இதைப் பற்றிப் படித்திருந்தேன்: வயதானவர்களுக்கு அந்தக் குழாய் அழன்று வீங்கும், மெல்லும்போது தாடை அசரும், கண்ணும் போகலாம். ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் இங்கிலீஷில் கொட்டினேன்.

"மெட்ராஸ்ல நீர் படிச்சீர்ங்கிறதுக்காக இங்கிட்டு உள்ளவனுக்குப் புது வியாதி வருமா?" என்றார் அவர், தலை நிமிராமல். "சரி, அதுதான்னே வச்சுக்குவோம். மருந்து என்ன?"

அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. கம்பவுண்டர்கூடச் சிரித்தார்.

பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த அவருடைய நோயாளிச் சீட்டில் நோயின் பெயரை எழுதினேன். பெரிய டாக்டர் சிவப்பு மசியால் அடித்தார். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தார். நான்கு நாள் இதே சண்டை.

ஐந்தாம் நாள் பெரியவரை மகன் கைபிடித்து அழைத்து வந்தான். ஒரு கண் முந்தாநாள் இருண்டதாம், மற்றது அன்று காலையில். அத்தனை பேர் முன்னாலும் பெரிய டாக்டரைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினேன்: "கண்ணு போகும்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க முடியாது.

பெரியவர் என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"அன்னைக்கேவா? யார்ட்டச் சொன்னீங்க?"

நான் பெரிய டாக்டரைப் பார்த்தேன். பெரியவர் மேலே சொன்னார்:

"எங்க எல்லைக்கல்லு நாலும் முள்ளுக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. எனக்கு மட்டுந்தான் எடம் தெரியும். பங்காளி எப்படா பிடுங்கலாம்னு இருக்கான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, கண்ணு இருக்கையிலயே இவனைக் கூட்டிப்போயிக் காட்டியிருப்பேன்ல, டாக்டரய்யா."

பெரிய டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் மேல் உள்ள கோபம் இத்தனை வருஷத்தில் எனக்குத் துளியும் குறையவில்லை. அன்று அவர் அப்படிக் காத்திருந்ததற்காகத்தான் அதிகம்.