புல் வெட்டும் மெசினும் பதினொரு ஆடுகளும்

போன மாதம் எங்கள் ஊர்காவற்றுறைக்கு ஒரு புல் வெட்டும் மெசின் வந்தது. மலைநாட்டில் ஒரு துரை பங்களாவில் கழித்துவிட்ட சாமான். என்ஜின் கிடையாது. உருளையோடு சேர்ந்து சுழலும் ஐந்து கத்திகள், பிடித்துத் தள்ள ஒரு மரக் கைபிடி... அவ்வளவுதான். பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தோம். விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் நான்.

மாரி மழையில் மைதானத்துப் புல் முழங்கால்வரை வளர்ந்திருந்தது. இரண்டு கிழமையில், சரியாகப் பதினான்காம் நாள், எழுவைதீவு அணியோடு உதைபந்தாட்டம். மெசின் வந்த தெம்பில் நான் செய்த முதல் வேலை — அங்கே மேய்ந்துகொண்டிருந்த திரேசம்மா அக்காவின் பதினொரு ஆடுகளையும் கலைத்ததுதான். ஆட்டுப்பால் விற்றே இரண்டு மகள்மாரைப் படிக்கவைப்பவர் அவர்.

"அப்ப என்ர ஆடுகள் எங்க போறது?"

"வேற இடம் பாருங்கோ அக்கா. இனி மெசின்தான்."

அக்கா பதினொன்றையும் ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் மெசினைத் தள்ளினோம். இரண்டு அடி போனது, நின்றது. புல் கத்தியில் சுற்றிக்கொண்டது. பிடுங்கிவிட்டுத் தள்ளினால் மறுபடியும் இரண்டு அடி... நான்கு நாள் மாறிமாறித் தள்ளியும் கோல் கம்பத்தைத் தாண்டவில்லை. குட்டைப் புல்லை ஒட்ட வெட்டத்தான் அதற்குத் தெரியும். விற்றவர் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. புதுச் சாமானைக் கண்ட சந்தோஷத்தில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

அப்படியானால் புல்லை முதலில் குட்டையாக்க வேண்டும். எதைக்கொண்டு? விடை தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் போனேன்.

அக்கா வேலியில் இலைக்குழை ஒடித்துக்கொண்டு நின்றார். நான்கு நாளாக ஆடுகளுக்கு அதுதான் சாப்பாடு.

"அக்கா, ஆடுகளை மைதானத்துக்குக் கொண்டு வருவீங்களோ?"

"நீர்தானே கலைச்சனீர்?"

"ஓம். பிழை என்னிலதான்."

"மட்ச் முடிய திரும்பக் கலைக்கிறதெண்டால் ஏலாது, தம்பி. எப்பவும் விடவேணும்."

"எப்பவும் விடுறம்."

"அதை எழுதித் தாரும்."

கழகத்தின் தாளில் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துக்கொண்டவர், அன்றைக்கே அயலவர்களின் ஆடுகளையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கிழமையில் நாற்பது வாய்கள் முழங்கால் புல்லைக் கணுக்காலுக்கும் கீழே இறக்கின. அதன் பிறகு மெசின் 'கிர்ர்' என்று ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே! அக்காகூட ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

வள்ளத்தில் வந்திறங்கிய எழுவைதீவுத் தலைவர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். "இப்பிடி ஒரு மைதானத்தில நாங்கள் விளையாடினதில்லை" என்றார். பிறகு மூன்று கோல் போட்டார்கள். நாங்கள் ஒன்றும் போடவில்லை.

தோற்றதுகூடப் பரவாயில்லை. புல்லைக் காரணம் சொல்ல முடியாமல் போனதுதான் பெரிய கஷ்டம்.