தனலட்சுமி பார்த்துக்கொண்ட ஹோம்பேஜ்

தனலட்சுமி இறந்துவிட்டார். இன்று காலை, ராசிபுரத்தில்.

கேன்சராம். எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்திருக்கிறார். அவர் கணவர் வாட்ஸ்அப்பில் சொல்லித்தான் தெரியும்... அதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

சேலம் சூரமங்கலத்தில் நாங்கள் ஒரு சின்ன நியூஸ் வெப்சைட் நடத்துகிறோம். நான் எடிட்டர். ஆறு வருடம் அதன் ஹோம்பேஜ் முழுக்க தனத்தின் பொறுப்பு. எந்தச் செய்தி மேலே, எந்தப் படம் பெரிதாக, எழுத்து என்ன சைஸ்... எல்லாம்.

தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் தன் பழைய போனில் திறந்து வைத்துக்கொண்டு குறைகளை எழுதுவார். ஆபீஸில் பெரிய மானிட்டர் இருக்கிறதே என்றேன் ஒருநாள்.

"அதுல எல்லாமே அழகாத்தானுங்க சார் தெரியும். டவுன் பஸ்ஸுல நின்னுக்கிட்டு ஒத்தைக் கையில பாக்கறவங்களுக்குத் தெரியோணுமுங்க."

புது டிசைன் வந்தபோது மேட்டூர் அணை நீர்மட்டத்தை எங்கோ அடியில் தள்ளிவிட்டார்கள். மேலே நகைக்கடை விளம்பரம். தனம் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்தார். விளம்பரத்தை எல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்து, என் மேஜையில் வைத்தார். மிச்சம் இருந்த செய்தி உள்ளங்கை அளவுதான்.

சிரித்துவிட்டேன். நீர்மட்டம் மட்டும் மறுபடி மேலே வந்தது.

பிறகு அந்த மதியம்.

தம்மம்பட்டி ரோட்டில் லாரி மோதி பைக்கில் போன ஒருவர் இறந்துபோனார். நிருபர் அனுப்பிய படத்தில் முகம் தெளிவாகத் தெரிந்தது. முதல் செய்தியாக, பெரிதாக வைக்கச் சொன்னேன்.

"ஏனுங்க சார், இவரு ஊட்டுக்குத் தகவல் போயிருச்சுங்களா?"

"தெரியலைம்மா. எல்லாரும் பாக்கறாங்க, போடு."

தனம் முகத்தை மறைத்து, படத்தைச் சின்னதாக்கிக் கீழே போட்டார். நானே லாகின் செய்து முழுப் படத்தையும் மேலே ஏற்றினேன்.

அரை மணி நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. தனம்தான் எடுத்தார். கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"அவரோட பொண்ணுங்க. நம்ம பக்கத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சாமா. நீங்களே பேசுங்க சார்."

"அது எங்கப்பாங்க... எடுத்துருங்க... எடுத்துருங்க..." அந்தப் பெண் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

படத்தை எடுத்தது தனம். அன்று மாலையே ஐடி கார்டை மேஜையில் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். நான் இருக்கச் சொல்லவில்லை.

போன வருடம் ஜங்ஷனில் பார்த்தேன். ஜவுளிக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதாகச் சொன்னார். ரொம்ப இளைத்திருந்தார்.

ரயில் வந்து நின்றபோதுதான் கேட்டார். "இப்பெல்லாம் மூஞ்சிய மறைச்சுத்தானுங்க போடறீங்க?"

"ஆமாம்மா."

"அது போதுமுங்க சார்."

பொய் சொன்னேன். போன வாரம்கூட ஒரு முகம் போட்டோம்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். ராசிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்...

வாரேன் தனம்.