தினேஸ்வரிக்குச் சாமி வந்த நாள்

ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து புந்தோங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த குமுதாவுக்கு, ஊருக்கே சமைத்துப் போடுகிற வேலை. அப்துல் ஹலீமின் சாப்பாட்டுக் கடையில் அவள் வைக்கும் மீன் குழம்புக்காகச் சிம்பாங் பூலாயிலிருந்தெல்லாம் ஆள் வரும். அவள் பெற்ற ஒரே மகள் தினேஸ்வரி மட்டும் அதைத் தொடமாட்டாள்.

மகள் மாநிலக் கராத்தே வீராங்கனை. எடைப் பிரிவில் ஒன்று கீழே இறங்கினால் தங்கம் நிச்சயம் என்று பயிற்சியாளர் புண்ணியவான் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சோற்றை நீட்டினால், "விரதம்மா," என்பாள். ஆடிக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதலாம். குமுதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

உச்சிவெயிலில் பிள்ளை குளிர்சட்டைக்குள் நடுங்கினாள். கைகளில் புதிதாகப் பூனைமுடி அடர்ந்தது. வாய் திறந்தால் கனிந்து அழுகும் பழத்தின் வாடை. மாதவிலக்கும் நின்றுபோயிற்று.

"விரதம் கெடக்கூடாதுன்னு ஆத்தாளே நிறுத்திட்டா லா," என்றாள் பக்கத்து வீட்டு நவமணி.

குமுதாவுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் நம்புவது சுலபமாக இருந்தது.

பால்குடத்தன்று கோயில் வாசலில் உறுமி முழங்கியதும் தினேஸ்வரியின் உடம்பு உதறியது. குடம் சரிந்து பால் கொட்ட, கண்கள் மேலே செருக விழுந்தாள்.

"சாமி வந்துருச்சு!"

எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். திருநீறு அள்ளிப் பூசினார்கள். கோயில் பெரியவர் அப்பாவு சூடத்தட்டோடு குனிந்தார். "என்னா வேணும் தாயே? கேளு!"

வெளுத்த உதடுகள் அசைந்தன. "பசிக்குது."

கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது. ஆத்தா வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே! யாரோ சர்க்கரைப் பொங்கலை வாயருகே கொண்டுபோனார்கள். பெண்ணின் பற்கள் கிட்டிக்கொண்டன. தலை மெல்லத் திரும்பி, குமுதாவைத் தேடியது.

"வேணாம்மா... நாளைக்கு எடை பாப்பாங்க."

எந்தச் சாமியும் எடைக்குப் பயப்படாது. குமுதா சூடத்தட்டைத் தள்ளிவிட்டாள்.

"சாமி இல்ல! எம் புள்ள! ஆஸ்பத்திரிக்குக் காடி எடுங்க லா!"

உறுமி நிற்கவில்லை. மகளை வாரித் தூக்கினாள். கடையில் தினமும் தூக்குகிற அரிசி மூட்டைகூட இதைவிடக் கனம். நெருக்கியடித்த கூட்டத்துக்குள் அழுதுகொண்டே நடந்தாள்.

வழிநெடுகப் பெண்கள் குறி கேட்டுக் கும்பிட்டார்கள். தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலை ஒவ்வொருத்தியும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் ஐஸாகக் குளிர்ந்திருக்கிறதே என்று ஒருத்தியும் சொல்லவில்லை.